மாகாணத்துக்கு மாகாணம் தனிக் களஞ்சியம்: வியூக விளையாட்டில் அது தேவைதானா?

கேள்வி இது. வரலாற்றுப் பின்னணியில் ஒரு வியூக விளையாட்டை எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர், உணவை நாடு முழுவதற்கும் ஒரே எண்ணாக வைப்பதா, மாகாணம் மாகாணமாகப் பிரித்து வைப்பதா என்று கேட்கிறார். பிரித்தால் நிஜம்போல இருக்கும், ஆனால் ஆடுபவருக்குக் கணக்குப்பிள்ளை வேலையாகிவிடுமோ என்பது அவருடைய பயம்.

என் பதில்: பிரித்து வையுங்கள். ஆனால் உழைப்பைப் பிரிப்பதில் போடாதீர்கள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தானியம் போகும் வழியில் போடுங்கள். வழி இலவசம் என்றால் பத்து களஞ்சியம் வைத்தாலும் அது ஒரே களஞ்சியம்தான், திரையில் எண்கள் மட்டும் கூடுதலாக இருக்கும். வழிக்குச் செலவு உண்டு என்றால் இரண்டே களஞ்சியம் போதும், ஆட்டம் சூடுபிடித்துவிடும்.

முதலில் ஒரே எண் வைப்பவர்களுக்காகக் கொஞ்சம் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அதை மட்டமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாட்டில் மூலையில் ஒருவர் மான் வேட்டையாடினால் அந்த இறைச்சி அடுத்த நொடி எதிர் மூலையில் குதிரை வீரனாக மாறுகிறது. அரை மணி நேரத்தில் முடியும் ஆட்டத்தில் அது சரிதான். பழைய ஜப்பானியப் போர்களைப் பற்றிய ஷோகன் 2இல் (2011) உணவு குலம் முழுவதற்கும் பொது. நெல் வயலை மேம்படுத்தினால் உணவு கூடும், கோட்டையையும் சந்தையையும் பெரிதாக்கினால் உணவு குறையும். அங்கே உணவு என்பது உண்மையில் சாப்பாடே இல்லை, 'எத்தனை பெரிய கோட்டைகள் கட்டலாம்' என்பதற்கான வரம்பு. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதே விளையாட்டில் காசுக்குப் பெயர் கொக்கு. கொக்கு என்பது சுமார் 180 லிட்டர் அரிசி, ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடும் அளவு என்று வைத்திருந்த அளவை. அரிசியைக் காசாக்கி, உணவைக் கட்டட அனுமதியாக்கிவிட்டார்கள். அப்படியும் ஆட்டம் அருமை. ஆக, உங்கள் விளையாட்டு போர்க்களத்தைப் பற்றியதென்றால் ஒரே எண் போதும், மேலே படிக்கவே தேவையில்லை.

உங்கள் விளையாட்டு போர்க்களத்துக்குப் போய்ச் சேரும் வழியைப் பற்றியதென்றால் கதை வேறு.

மாகாணவாரி உணவு ஏதோ இப்போது வந்த நுணுக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். கொயெய் நிறுவனம் 1983இல் வெளியிட்ட நொபுநாகாஸ் ஆம்பிஷனிலேயே அது உண்டு. 1985இல் தொடங்கிய ரொமான்ஸ் ஆஃப் தி த்ரீ கிங்டம்ஸ் வரிசையிலும் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் தனியாகப் பொன், தனியாகத் தானியம். அறுவடை ஆண்டுக்கு ஒரு முறை. வணிகரிடம் தானியம் வாங்கலாம் விற்கலாம், விலை ஏறி இறங்கும். படையெடுக்கும்போது எவ்வளவு தானியம் எடுத்துப்போகிறாய் என்று விளையாட்டு உங்களையே கேட்கும். அந்த ஒரு கேள்விதான் எனக்கு இந்த விஷயத்தில் பைத்தியம் பிடிக்க வைத்தது.

ஒரு முறை பக்கத்து நகரத்தில் காவல் படை பாதியாகக் குறைந்திருந்ததைப் பார்த்து, அறுவடைக்கு இரண்டு மாதம் முன்பே கிளம்பினேன். களஞ்சியத்தில் இருந்ததில் பெரும்பகுதியைப் படையோடு அனுப்பினேன். எதிரி வெளியே வந்து சண்டை போடுவான் என்று நினைத்தேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டான். நாள் ஓடியது, என் தானியம் கரைந்தது. ஆள் பலத்தில் நான் ஒன்றுக்கு இரண்டு. கடைசியில் ஒரு பெரிய சண்டைகூட நடக்காமல் திரும்பினேன். வீட்டுக்கு வந்தால் சொந்த ஊர்க் களஞ்சியம் காலி, படை கலைய ஆரம்பித்துவிட்டது, அடுத்த பக்கத்து ராஜா அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு பிட் கணினியில் ஓடக்கூடிய கணக்கு அது. இருபது ஆண்டு கழித்து வந்த பெரிய பட்ஜெட் விளையாட்டுகள் பலவற்றில் இப்படித் தோற்க வழியே கிடையாது.

இது ஏன் நிஜத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்றால், பழைய காலத்தில் தானியம் உண்மையிலேயே நகராத பொருள். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 301இல் ஒரு விலைக்கட்டுப்பாட்டு ஆணை போட்டார். அதில் வண்டிக் கூலி, கப்பல் கூலி எல்லாம் உண்டு. அதை வைத்து வரலாற்றாசிரியர் ஏ. எச். எம். ஜோன்ஸ் போட்ட கணக்கு பிரபலமானது: மத்தியதரைக் கடலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கோதுமையைக் கப்பலில் அனுப்புவது, அதே கோதுமையை வண்டியில் 75 மைல் இழுத்துப்போவதைவிட மலிவு. கடற்கரையிலிருந்து நான்கு நாள் உள்ளே இருக்கும் ஊரில் விளைச்சல் பொய்த்தால், எகிப்தில் மலைபோலக் கோதுமை குவிந்திருந்தாலும் அந்த ஊருக்கு அது எட்டாக்கனிதான்.

எனக்கு இதைவிடப் பிடித்த கணக்கு சீனாவில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் சாங் அரசில் அதிகாரியாக இருந்த ஷென் குவோ, படைக்கு அரிசி சுமக்கும் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தார். ஒரு சுமைக்காரர் ஆறு தோ, அதாவது 60 ஷெங் அரிசி சுமப்பார். ஓர் ஆள் நாளொன்றுக்கு 2 ஷெங் சாப்பிடுவார். படைவீரன் தன் முதுகில் ஐந்து நாள் உணவு வைத்திருப்பான். சரி, ஒரு வீரனுக்கு ஒரு சுமைக்காரர் என்றால் எத்தனை நாள் போகலாம்? சுமைக்காரரும் சாப்பிட வேண்டுமே. இருவருமாக நாளுக்கு 4 ஷெங் தீர்ப்பார்கள். 18 நாளில் எல்லாம் காலி. திரும்பி வரவும் உணவு வேண்டும் என்றால் முன்னே போக முடிந்தது 9 நாள்.

இரண்டு சுமைக்காரர் வைத்தால்? முதல் எட்டு நாள் மூன்று பேரும் சாப்பிடுவார்கள். பிறகு ஒருவருடைய சுமை தீர்ந்துவிடும், அவருக்கு வழிச்சோறாக ஆறு நாள் அரிசி கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மிச்சத்தில் 18 நாள். மொத்தம் 26 நாள், திரும்பி வர வேண்டுமானால் 13. மூன்று சுமைக்காரர் என்றால் 31 நாள், திரும்பி வர 16. அதாவது முதல் ஆளோடு 9 நாள், இரண்டாமவர் கூட்டித் தந்தது 4 நாள், மூன்றாமவர் 3 நாள். மூன்றுக்கு மேல் வைப்பது நடைமுறையில் ஆகாத காரியம் என்று அவரே விட்டுவிடுகிறார். ஒரு லட்சம் பேர் கொண்ட படையில் மூட்டை முடிச்சுக்காரர்கள் போகச் சண்டை போடுபவர் 70,000 பேர் என்று வைத்தாலே சுமைக்காரர் மட்டும் 3 லட்சம் பேர் வேண்டும் என்கிறார். ஒட்டகம், கோவேறு கழுதை என்றால் அதிகம் சுமக்கும், ஆனால் மேய்ச்சல் இல்லாமல் விலங்கு செத்தால் சுமையோடு போய்விடும் என்றும் குறித்து வைக்கிறார். இவ்வளவும் போட்டுவிட்டு அவர் வந்து சேரும் இடம்: எதிரியின் தானியத்தைச் சாப்பிடுவதே முதல் வேலை.

இந்தக் கணக்கில் ஒரு முழு விளையாட்டே இருக்கிறது. சுமப்பவனும் தின்பவன். தூரம் கூடக் கூடச் செலவு நேர்கோட்டில் ஏறுவதில்லை, ஓர் எல்லைக்குப் பிறகு சுவர்போல நிமிர்ந்துவிடுகிறது. அந்தச் சுவர் எங்கே என்று ஆடுபவருக்குத் தெரிய வேண்டும், அதைக் கொஞ்சம் தள்ளிவைக்க வழியும் இருக்க வேண்டும்: நடுவில் ஒரு கிடங்கு, ஓர் ஆறு, ஒரு கால்வாய், எதிரியின் வயல்.

உங்கள் விளையாட்டில் இது எப்படி வரும் என்று சின்ன எண்களில் போட்டுக் காட்டுகிறேன். மூன்று மாகாணம். பள்ளத்தாக்கில் 100 விளைகிறது, 60 சாப்பிடுகிறார்கள். மலையில் 20 விளைகிறது, 30 சாப்பிடுகிறார்கள். துறைமுகத்தில் 15 விளைகிறது, 40 சாப்பிடுகிறார்கள். மொத்த விளைச்சல் 135, மொத்தச் சாப்பாடு 130. ஒரே எண் வைத்த விளையாட்டில் பச்சை நிறத்தில் '+5' என்று காட்டிவிட்டு அடுத்த டர்னுக்கு, அதாவது அடுத்த ஆட்டச் சுற்றுக்கு, போய்விடும்.

இப்போது வழிக்குச் செலவு வையுங்கள். நிலவழி ஒவ்வொரு கட்டத்துக்கும் கால்வாசி தானியம் வழியிலேயே தீர்கிறது, கடல்வழி மொத்தமாக 5 சதவீதம். மலை இரண்டு கட்டம் தள்ளி இருக்கிறது. அங்கே 10 போய்ச் சேர வேண்டுமானால் பள்ளத்தாக்கிலிருந்து கிட்டத்தட்ட 18 கிளம்ப வேண்டும். துறைமுகத்துக்கு 25 போய்ச் சேர 26 கொஞ்சம் கூடுதலாகக் கிளம்பினால் போதும். இரண்டும் சேர்ந்தால் 44, பள்ளத்தாக்கில் மிச்சம் இருப்பதோ 40. யாரோ ஒருவர் பட்டினி. துறைமுகத்துக்கு முழுதாகக் கொடுத்தால் மலையில் 2 குறையும். மலைக்கு முழுதாகக் கொடுத்தால் துறைமுகத்தில் 4 குறையும். எண்ணைப் பார்த்தால் மலையைப் பட்டினி போடுவதுதான் லாபம். ஆனால் எல்லைக் காவல் படை மலையில் அல்லவா இருக்கிறது? துறைமுகத்தில்தானே வரி வருகிறது? மலைக்குச் சாலை போட்டுக் கட்டத்துக்கு ஆறில் ஒரு பங்கு இழப்பு என்று குறைத்தால் தேவை 41க்குக் கொஞ்சம் கீழே வந்துவிடும், கிட்டத்தட்டச் சமாளிக்கலாம். இந்த ஒரு சாலை எத்தனை முக்கியம் என்று ஆடுபவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் அந்தப் பள்ளத்தாக்கில் பத்தாயிரம் பேர் கொண்ட ஒரு படையைக் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். எதிரியின் படை வேண்டாம், சொந்தப் படையே போதும்.

படையை நடமாடும் ஊர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு கிலோ தானியம் என்றால் பத்தாயிரம் பேருக்குத் தினம் 10 டன். குதிரைகள் இதற்கு மேல். பயிரும் இல்லாமல் வரியும் கொடுக்காமல் தின்ன மட்டும் தெரிந்த ஒரு நகரம் திடீரென்று உங்கள் மாகாணத்துக்குள் நடந்து வருகிறது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் தலைநகரமும் அதே மாதிரி ஒரு பெரிய வாய்தான். ரோம் நகரில் கி.மு. 123இல் கயஸ் கிராக்கஸ் மலிவு விலையில் தானியம் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார், கி.மு. 58இல் குளோடியஸ் அதை இலவசமாக்கினார். ஜூலியஸ் சீசர் கணக்கெடுத்தபோது வாங்குபவர் 3,20,000 பேர், அவர் அதை 1,50,000 ஆகக் குறைத்தார். அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2,00,000இல் நின்றது. இந்தத் தானியம் பக்கத்து வயலில் விளைந்ததில்லை. சிசிலி, வட ஆப்பிரிக்கா, எகிப்து. ரோமத் தளபதி செக்ஸ்டஸ் பாம்பே சிசிலியைக் கையில் வைத்துக்கொண்டு கப்பல்களை மறித்தபோது ரோமில் பசியும் கலவரமும் வந்தன. 439இல் வண்டல்கள் (Vandals) என்ற இனத்தார் வட ஆப்பிரிக்காவின் கார்தேஜைப் பிடித்தபோது மேற்கு ரோம் ஒரு நகரத்தை மட்டுமா இழந்தது? தன் சோற்றுப் பானையையும் சேர்த்து இழந்தது. கான்ஸ்டான்டினோபிளில் எகிப்தியத் தானியத்தை நம்பி நடந்த இலவச ரொட்டி, பாரசீகர் எகிப்தைப் பிடித்த சமயத்தில், 618இல் நின்றுபோனது.

சீனாவில் இதற்கு நேர் எதிராக, தானியம் வராவிட்டால் அரசவையே தானியத்திடம் போய்விடும். தாங் வம்சத்தின் தலைநகர் சாங்கான். விளைச்சல் குறைந்த ஆண்டுகளில் அரசவை மூட்டை கட்டிக்கொண்டு கிழக்கே லுவோயாங்குக்குப் போகும், ஏனென்றால் பெருங்கால்வாய்த் தானியம் அங்கே எளிதாக வந்து சேரும். 709இல் பஞ்சம் வந்தபோது அமைச்சர்கள் இடம்மாறச் சொன்னார்கள், தானியத்தைத் துரத்திக்கொண்டு ஓடும் பேரரசன் எங்கேயாவது உண்டா என்று பேரரசர் சோங்சோங் மறுத்துவிட்டார். எந்த வியூக விளையாட்டிலாவது பசிக்காகத் தலைநகரை மாற்றியிருக்கிறீர்களா? நான் மாற்றியதில்லை. எனக்கு அது ஒரு பெரிய குறை.

சரி, இப்போதைய விளையாட்டுகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை.

யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4இல் உணவு என்ற பொருளே கிடையாது. நிலம் எவ்வளவு பேரைத் தாங்கும் என்று ஒரு வரம்பு, அதைத் தாண்டினால் மாதாமாதம் படை தேயும், குளிர்காலத்தில் இன்னும் மோசம். கச்சாவாகத் தெரிந்தாலும் புத்திசாலித்தனமான சுருக்கம் அது. படையைப் பிரித்து நடத்து, சண்டைக்கு மட்டும் ஒன்றுசேர் என்ற பழைய பாடத்தை ஆடுபவர் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்கிறார். குருசேடர் கிங்ஸ் 3 இதோடு படையின் கையிருப்பு என்று ஒன்றைச் சேர்த்தது. சொந்த நிலத்தில் நிரம்பும், தாங்காத நிலத்தில் கரையும். டோட்டல் வார்: த்ரீ கிங்டம்ஸும் (2019) இதே வழி.

இவற்றைத் தாண்டி ஒரு படி போனது இம்பரேட்டர்: ரோம். 2019 ஏப்ரலில் வந்தபோது அதில் உணவு இல்லை, அதே ஆண்டு வந்த 1.2 அப்டேட்டில்தான் சேர்த்தார்கள். ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனிக் கையிருப்பு. தானியம், மீன், கால்நடை விளையும் இடங்கள் உணவு தரும், மக்கள் தின்பார்கள், படை தன் பங்கைச் சுமந்து போகும், அதற்கென்று தனியாகச் சுமைவண்டிப் பிரிவும் உண்டு. அந்த விளையாட்டு கடைகளில் தோற்றுப்போனது, ஆனால் இந்தப் பகுதியை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் ஆடியவற்றில் சிறந்தது. நகரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவேன், ஒரு நாள் மாகாணத்தின் உணவு எண் சிவப்பாகும், வெளியிலிருந்து தானியம் இறக்குமதி செய்வேன், அன்றிலிருந்து அந்த வர்த்தகக் கூட்டாளியோடு சண்டை போடத் தயங்குவேன். ரோமின் வெளியுறவுக் கொள்கை ஏன் அப்படி இருந்தது என்பது கைக்கே புரியும். குறை என்னவென்றால் அந்த இறக்குமதிக்குத் தூரத்துக்கேற்ற செலவு கிடையாது. பக்கத்து ஊர்க் கோதுமையும் கடல் தாண்டிய கோதுமையும் ஒன்றுதான். ஜோன்ஸின் 75 மைல் அங்கே காணாமல் போய்விட்டது. 2025இல் வந்த யூரோப்பா யூனிவர்சாலிஸ் 5 மாகாணவாரிக் கையிருப்பை எடுத்துக்கொண்டு, குறைந்தால் சந்தையில் வாங்கு என்று விலையையும் கூடவே சேர்த்தது. போகவேண்டிய திசை அதுதான்.

விலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விளையாட்டுகளில் பஞ்சம் என்றால் எண் பூஜ்யத்துக்குக் கீழே போவது. நிஜத்தில் உணவு இருக்கும்போதே பட்டினி வரும். 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென் காட்டியது அதைத்தான்: விலை கூலியை விட்டு ஓடிப்போனதில், வாங்க வழியற்றவர்கள் செத்தார்கள். அயர்லாந்தில் 1840களில் உருளைக்கிழங்கு அழுகிய ஆண்டுகளிலும் அங்கிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. விக்டோரியா 3 மட்டும் இதற்குப் பக்கத்தில் வருகிறது, ஏனென்றால் அதில் மக்கள் தட்டில் தானியம் தானாக விழுவதில்லை, சந்தையில் வாங்குகிறார்கள். உங்கள் விளையாட்டு 18ஆம் நூற்றாண்டுக்கு முந்தையது என்றால் இந்த அளவுக்குப் போக வேண்டாம். ஆனால் பணக்கார மாகாணம் ஏழை மாகாணத்தின் தானியத்தை உறிஞ்சும் என்ற ஒரு விதியை மட்டும் வைத்துப் பாருங்கள்.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது காலத்தில். உணவு மாதாமாதம் சீராக வருகிறது என்று எழுதிவிடுகிறார்கள். அறுவடை ஆண்டுக்கு ஒரு முறை, இடத்தைப் பொறுத்து இரண்டு முறை. பாரோ (1999) என்ற நகர விளையாட்டில் நைல் வெள்ளம் வடிந்த பிறகுதான் விதைப்பு, ஆண்டுக்கு ஒரே அறுவடை, வெள்ளம் சரியாக வராவிட்டால் அந்த ஆண்டு முழுக்க வயிற்றைக் கட்ட வேண்டியதுதான். அது தரும் பதற்றத்தை மாதச் சம்பளம் மாதிரி வரும் உணவு தரவே தராது. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் களஞ்சியம் அடிமட்டத்தில் இருக்கும். படையெடுப்பவன் எப்போது கிளம்புவது? அறுவடைக்கு முன்பு போனால் தனக்கே உணவில்லை. பயிர் முற்றும் நேரத்தில் எதிரியின் வயலுக்குள் போய் நின்றால் தன் படையும் சாப்பிடும், எதிரிக்கு அடுத்த ஆண்டும் காலி. ஒரே ஒரு நாட்காட்டி விதியிலிருந்து இவ்வளவும் தானாக முளைக்கிறது.

அதைவிட ஒதுக்கப்பட்டது விதைநெல். இடைக்கால ஐரோப்பாவில் ஒரு பங்கு கோதுமை விதைத்தால் மூன்று நான்கு பங்குதான் திரும்பி வந்தது. அறுவடையில் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று அடுத்த ஆண்டுக்கான விதை. 1315 தொடங்கி அடுத்தடுத்து மழை கெடுத்து வந்த பெரும்பஞ்சத்தில் மக்கள் விதையையும் உழவு மாட்டையும் தின்றார்கள், அதனால்தான் மழை விட்ட பிறகும் பஞ்சம் விடவில்லை. இதை விளையாட்டில் வைப்பது எளிது: களஞ்சியத்தின் அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எடுக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை, ஆனால் அடுத்த அறுவடை அந்த அளவுக்குக் குறையும். முற்றுகையில் இருக்கும் ஆடுபவர் அந்தக் கோட்டைத் தாண்டும் டர்னை மறக்கவே மாட்டார். நானே ஒரு மோடில் (வெளிவந்த விளையாட்டில் ஆடுபவர்களே செய்யும் மாற்றம்) இதை எழுதி நண்பர்களை ஆடவைத்தேன். மூன்று பேரில் இருவர் கோட்டைத் தாண்டினார்கள், ஒருவர் சரணடைந்துவிட்டு 'விதையாவது மிஞ்சட்டும்' என்றார். நான் எழுதியதிலேயே நல்ல விதி அதுதான், மொத்தம் ஏழு வரி.

களஞ்சியத்தை வெறும் கொள்ளளவாக வைக்காதீர்கள். ஹான் சீனாவில் கி.மு. 54இல் எல்லைப் பகுதிகளில் அரசு களஞ்சியம் கட்டி, விலை சரியும்போது வாங்கியும் ஏறும்போது விற்றும் வந்தார்கள். விளையாட்டில் இது அழகான முடிவாகிறது: நல்ல விளைச்சல் ஆண்டில், கையில் காசு குறைவாக இருக்கும்போது, தேவையில்லாததுபோலத் தெரியும் தானியத்தை வாங்கிப் போடுவாயா, இல்லை கோட்டை கட்டுவாயா? கூடவே ஆண்டுக்குக் கொஞ்சம் எலிக்கும் பூஞ்சைக்கும் போகட்டும், இல்லாவிட்டால் ஆடுபவர் இருபது ஆண்டுத் தானியத்தைக் குவித்துவிட்டுக் கவலையில்லாமல் இருப்பார்.

இன்னொன்று, யார் சுமக்கிறார்கள் என்பது. எல்லா விளையாட்டிலும் சுமைவண்டி அரசனுடையது. முகலாயப் படைகளுக்குத் தானியம் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் பஞ்சாராக்கள், ஆயிரக்கணக்கான பொதிமாடுகளோடு குடும்பமாக நகர்ந்த வணிகர்கள். அவர்கள் யார் படையும் இல்லை, நல்ல விலையும் பாதுகாப்பும் கிடைக்கும் இடத்துக்கு வருவார்கள். 1791 மே மாதம் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை வந்துவிட்டார், திப்புவின் படையைச் சண்டையில் பின்னுக்கும் தள்ளினார். ஆனால் மாடுகள் செத்துக்கொண்டிருந்தன, தானியம் இல்லை, கோட்டையை உடைக்கக் கொண்டுவந்த பெரிய பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுப் பின்வாங்கினார். அடுத்த ஆண்டு பஞ்சாராக்களைத் திரட்டிக்கொண்டு திரும்பி வந்தார், முடிவு வேறாக இருந்தது. இரண்டு பக்கமும் விலை பேசக்கூடிய, வரைபடத்தில் தானாக நகரும் ஒரு தானியக் கூட்டம்: இதை வைத்த விளையாட்டு எதையும் நான் பார்த்ததில்லை. நீங்கள் வைத்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

கடைசியாக, அந்தக் கணக்குப்பிள்ளை பயம். நியாயமான பயம்தான். சீசர் 3 என்ற நகர விளையாட்டில் (1998) களஞ்சியம் நிறையக் கோதுமை இருக்கும், இரண்டு தெரு தள்ளி வீடுகள் காலியாகும், காரணம் சந்தைக்காரி முச்சந்தியில் தப்பான பக்கம் திரும்பிவிட்டாள். பிராந்தியப் பஞ்சத்துக்கு இதைவிட நேர்த்தியான மாதிரி இல்லை என்று சிரித்துக்கொள்வேன், ஆனால் நாற்பது மாகாணத்தில் இதைக் கையால் சரிசெய் என்றால் விளையாட்டை அழித்துவிடுவேன். ஆனோ விளையாட்டு வரிசையில் தீவுக்குத் தீவு தனிக் கிடங்கு, கப்பல் வழியை ஒரு முறை போட்டுவிட்டால் அது தானாக ஓடும். அது சரியான அளவு: வழியை அமைப்பது ஆடுபவர் வேலை, மூட்டையைத் தூக்குவது கணினி வேலை.

ஆகவே உங்கள் விளையாட்டுக்கு நான் சொல்வது: பன்னிரண்டு, பதினைந்து உணவுப் பகுதிகளுக்கு மேல் வேண்டாம், வரைபடத்தில் இருநூறு ஊர் இருந்தாலும். மிச்சம் உள்ள இடத்திலிருந்து குறை உள்ள இடத்துக்குத் தானியம் தானாகப் போகட்டும், ஆடுபவர் யாருக்கு முதலில் என்ற வரிசையை மட்டும் மாற்றட்டும். டன் கணக்கைத் திரையில் காட்டாதீர்கள், நாள் கணக்கைக் காட்டுங்கள். 'கையிருப்பு 4,312' என்றால் யாருக்கும் எதுவும் தோன்றாது. 'அறுவடைக்கு 90 நாள், களஞ்சியம் 70 நாள்' என்றால் வயிற்றில் ஏதோ செய்யும். படையைத் தேர்ந்தெடுத்தால் அது எவ்வளவு தூரம் போய்த் திரும்பலாம் என்று வரைபடத்தில் ஒரு கோடு தெரியட்டும், ஷென் குவோவின் 9, 13, 16 நாள் போல. ஆடுபவர் கோட்டைத் தாண்டிப் போகலாம், தாண்டினால் எதிரியின் வயலை நம்பிப் போகிறோம் என்று தெரிந்தே போகட்டும்.

கணினி எதிரியை எழுதும்போதுதான் உங்களுக்கு உண்மையான தலைவலி. பல விளையாட்டுகளில் கணினிக்கு இந்த விதிகளில் சத்தமில்லாமல் சலுகை கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இவ்வளவும் வீண், எதிரியின் வயலை எரித்துவிட்டு அவன் படை தேய்வதற்காகக் காத்திருக்கும் ஆடுபவர் முட்டாளாகிவிடுவார். 200ஆம் ஆண்டில் குவாந்து சண்டையில் சீனத் தளபதி சாவ் சாவ் தன்னைவிடப் பெரிய படையை வென்றது, எதிரி யுவான் ஷாவோ வூச்சாவ் என்ற இடத்தில் குவித்து வைத்திருந்த தானியத்தை ஓர் இரவில் கொளுத்தியதால்தான். உங்கள் விளையாட்டை முடித்துவிட்டீர்கள் என்று தோன்றும் நாளில் இதை ஒரு சோதனையாக ஓட்டிப் பாருங்கள்: கணினியின் பெரிய படை முன்னால் நிற்கட்டும், நீங்கள் சின்னக் குதிரைப்படையை அனுப்பிப் பின்னால் இருக்கும் கிடங்கைக் கொளுத்துங்கள். பத்து டர்னுக்குள் அந்தப் படை பின்வாங்கவோ கலையவோ இல்லையென்றால், மறுபடி குறியீட்டைத் திறந்து தானியம் எங்கே இலவசமாக நகர்கிறது என்று தேடுங்கள்.